பிளாக் சாபத்தின் ‘பாரனாய்ட்’: அவசரத்தில் செய்த ஆல்பமா?

கேள்வி: 13 செப்டம்பர் 2025

பிளாக் சாபத் என்ற இங்கிலாந்து மெட்டல் பாண்டின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் அவர்களின் ‘பாரனாய்ட்’ ஆல்பம் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி, இரண்டாவது அதே வருஷம் செப்டம்பர். நடுவில் ஏழு மாதம். ஜூனில் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சில நாளில் முடித்துவிட்டார்கள். தலைப்புப் பாட்டே இடத்தை நிரப்பப் போட்டது என்று அவர்களே சொல்கிறார்கள். அட்டைப்படத்துக்கும் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. எனக்கு இது அள்ளித் தெளித்த அவசரக் கோலமாகத்தான் தெரிகிறது. இதைப் போய் ஹெவி மெட்டலின் அஸ்திவாரம் என்கிறார்களே, ஏன்? கேட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

13 செப்டம்பர், இரவு

நாள் கணக்கெல்லாம் சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் ஆல்பத்தை அவர்கள் 1969 அக்டோபரில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தார்கள். காலையில் போய் மேடையில் வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டு வந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு 1970 ஜூனில் கிடைத்த நாட்கள் தாராளம். லண்டனில் ரீஜென்ட் சவுண்ட், ஐலண்ட் என்று இரண்டு ஸ்டுடியோக்கள், அதே தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன், அதே ஒலிப்பதிவாளர் டாம் ஆலம்.

அதைவிட முக்கியம், ஸ்டுடியோவுக்கு வருவதற்கு முன் இந்தப் பாட்டுகள் எங்கே இருந்தன என்பது. ஹாம்பர்க்கில் ஸ்டார் கிளப், சுவிட்சர்லாந்தில் சூரிச் என்று ஐரோப்பிய கிளப்புகளில் ஒரே நாளில் பல செட் வாசிக்க வேண்டும். கையிலிருந்த பாட்டு அவ்வளவு நேரத்துக்குப் பத்தாது. அதனால் ஒரு ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் மெட்டை, பிடித்துக்கொண்டு இழுத்து, திருப்பி, வேகத்தை மாற்றி, ஆளுக்கொரு பக்கம் போய்த் திரும்பி வந்து நேரத்தை ஓட்டினார்கள். ஆல்பத்தின் முதல் பாட்டான ‘வார் பிக்ஸ்’ வளர்ந்தது அப்படித்தான். நம் ஊர் சாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் ராகத்தை எடுத்தால் சப்பரம் அடுத்த தெருமுனைக்குப் போகும்வரை நிறுத்த முடியாது இல்லையா, அந்தக் கட்டாயத்தில்தானே கற்பனை ஊறும். இவர்களுக்கும் கிளப் முதலாளியின் கடிகாரம் அதைச் செய்தது.

ஆகவே ஜூனில் நடந்தது டேப்பில் இறக்கி வைத்த வேலை. பாட்டு அதற்கு முன்பே முதிர்ந்துவிட்டது.

14 செப்டம்பர், காலை

மேலே ஒருவர் ‘வார் பிக்ஸ்’ முதலில் சூனியக்காரிகளைப் பற்றிய பாட்டு என்கிறார். ஆமாம், முதல் பெயர் ‘வால்பர்கிஸ்’. மந்திரவாதிகள் கூடும் இரவு. 1970-இல் பதிவான அந்தப் பழைய வரிகள் கொண்ட வடிவம், ஆஸியின் 1997 தொகுப்பான ‘தி ஆஸ்மேன் கமெத்’தில் இருக்கிறது. தேடிக் கேளுங்கள். இசை கிட்டத்தட்ட அதேதான், வரிகள் வேறு. ஒப்பிட்டுக் கேட்டால், பேஸ் வாசித்து வரிகளும் எழுதிய கீஸர் பட்லர் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார் என்று தெரியும். சாத்தானைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் தளபதிகளை அந்த இடத்தில் உட்காரவைத்தார். சாத்தான் கடைசியில்தான் வருகிறான், அதுவும் அந்தத் தளபதிகளைப் பார்த்துச் சிரிக்க.

14 செப்டம்பர், மாலை

காலையில் வரிகளைப் பற்றி எழுதிவிட்டு டிரம்ஸைப் பற்றி எழுதாமல் போனால் தூக்கம் வராது.

நான் கல்லூரி நாட்களில் டிரம்ஸ் வாசித்தவன். கோவையில் ஒரு கல்ச்சுரல்ஸ் மேடையில் ‘வார் பிக்ஸ்’ வாசித்தோம். பிராக்டிஸில் கிட்டாரிஸ்டுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, ரிஃப் கைக்கு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது நானும் பேஸ் வாசித்தவனும். தொடக்கத்தில் வரும் சைரன் அடங்கியதும் பாட்டு காலியாகிவிடுகிறது. இரண்டு கார்டு (கிட்டாரில் பல சுரம் சேர்ந்த ஒலி) அடி, பிறகு ஒன்றுமில்லை, ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தாளத்தட்டு) மட்டும். ஆஸியின் குரல் அந்த வெற்றிடத்தில் தனியாக வருகிறது. மறுபடி இரண்டு அடி. ஹை-ஹாட்டை மெட்ரோனோம் மாதிரி சமமாகத் தட்டினால் பாட்டு செத்துப்போகிறது. பாண்டின் டிரம்மர் பில் வார்டு அதை அப்படித் தட்டவில்லை. மூடியும் திறந்தும், கொஞ்சம் பின்னால் சாய்ந்தும், அடுத்த அடி எப்போது விழும் என்று நம்மைக் காக்கவைத்தும் வாசிக்கிறார்.

அவர் கேட்டு வளர்ந்தது ஜீன் க்ரூப்பா, படி ரிச். இருவரும் ஜாஸ் டிரம்மர்கள். மெட்டல் டிரம்ஸ் என்றாலே இரட்டைப் பெடலும் மெஷின் கன் வேகமும் என்று நினைக்கிறவர்கள் இதே ஆல்பத்தின் ‘ஃபேரீஸ் வேர் பூட்ஸ்’ தொடக்கத்தைக் கேட்க வேண்டும். அது ஆடுகிற இசை. தோள் தானாக அசையும். பிறகு வந்த ஆயிரம் பாண்டுகள் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியின் ரிஃபை எடுத்துக்கொண்டார்கள். வார்டின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. இந்த ஆல்பத்தின் மதிப்பில் பாதி அவர் கையில் இருக்கிறது என்பது என் திடமான கருத்து. எங்கள் மேடையில் அன்று அந்த ஆட்டம் வந்ததா என்றால், நடுப்பகுதியில் வந்தது. அந்தச் சில நிமிஷத்துக்காக இன்னும் ஸ்டிக்ஸ் வைத்திருக்கிறேன்.

15 செப்டம்பர், இரவு

டோனி அயோமியின் விரல் கதை கட்டுக்கதையா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, நடந்தது. இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அந்த மாதிரி மெஷின்களுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

வயது 17. பர்மிங்ஹாமில் ஷீட் மெட்டல் தொழிற்சாலை. அவர் அங்கே வெல்டிங் பார்ப்பவர். ஒரு பாண்டோடு ஐரோப்பா போக வாய்ப்பு வந்து வேலையை விடுகிறார், அன்றைக்குத்தான் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். போனால், தகட்டை அழுத்தித் தரும் பிரஸ் மெஷினில் வழக்கமாக நிற்கும் ஆள் வரவில்லை. இவரை அதில் நிறுத்தினார்கள். நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. வலது கை. அவர் இடதுகைக்காரர், எனவே ஃப்ரெட்டில் கம்பியை அழுத்த வேண்டிய கை அதுதான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் குவாலிட்டியில் இருந்தவன். கால் பெடலை மிதித்தால் மேலிருந்து டை (அச்சு) இறங்கும். கை உள்ளே இருக்கும்போது பெடல் மிதிபடாமல் இருக்கத்தான் பாதுகாப்புத் தடுப்பு. உற்பத்தி குறைகிறது என்று தடுப்பைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். பழகிய ஆப்பரேட்டருக்குக் கையும் காலும் ஒரு தாளத்தில் போகும். ஆபத்து வருவது பெரும்பாலும் மாற்று ஆளுக்குத்தான், அந்த மெஷினின் தாளம் தெரியாதவனுக்கு. எங்கள் ஷாப்பில் பக்கத்து லைனிலிருந்து கூப்பிட்டு நிறுத்திய ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆள்காட்டி விரல் நுனி போனது. அவன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. வலியைவிட ஆச்சரியம்தான் தெரிந்தது. அயோமியின் கதையை அதற்குப் பிறகு படித்தபோது, ‘வழக்கமான ஆள் வரவில்லை’ என்ற இடத்தில் வயிற்றைப் பிசைந்தது.

அடுத்து நடந்ததுதான் அந்த மனிதரின் பெருமை. தொழிற்சாலை மேலாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொடுத்தார். தீ விபத்தில் இடதுகை விரல்கள் இரண்டு முடங்கியும் வாசித்த ஜாஸ் மேதை. கேட்டதும் அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருட்டி, விரல் நுனிக்குக் குப்பி செய்தார். கம்பி வழுக்காமல் இருக்க, பழைய ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய தோலை அதன் மேல் ஒட்டினார். கனமான கம்பியை அந்தக் குப்பியால் வளைக்க முடியாது என்பதால் பாஞ்சோ கம்பிகளை வாங்கிக் கிட்டாரில் போட்டார். மெல்லிய கம்பி செட் அன்று கடையில் சுலபமாகக் கிடைக்காது.

கேள்வி கேட்டவர் அவசரம் என்றாரே, அந்த ஆல்பத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு கார்டுக்குப் பின்னாலும் இந்த வருஷங்கள் இருக்கின்றன.

16 செப்டம்பர்

“விரல் வலிக்காக அவர் கிட்டாரைக் கீழே இறக்கி டியூன் செய்தார், அதனால்தான் பாரனாய்ட் அவ்வளவு கனமாக இருக்கிறது” என்று மேலே வந்திருக்கிறது. பலர் சொல்வதுதான், ஆனால் இந்த ஆல்பத்துக்குப் பொருந்தாது. ‘பாரனாய்ட்’ சாதாரண டியூனிங். மூன்று செமிடோன் (அரைச் சுரம்) இறக்கியது அடுத்த ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில், 1971-இல். சாதாரண டியூனிங்கிலேயே இவ்வளவு கனம் எப்படி வந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். கிப்சன் எஸ்.ஜி., லேனி ஆம்ப், எல்லாவற்றுக்கும் மேல் பேஸ். கீஸர் பல இடங்களில் ரிஃபை அப்படியே கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கிறார், சில இடங்களில் கம்பியை இழுத்து வளைக்கிறார். இரண்டு கருவியும் ஒன்றாகி ஒரே பெரிய கருவியாகக் கேட்கிறது.

18 செப்டம்பர்

இன்றோடு 55 வருஷம். 1970 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை, வெர்டிகோ லேபிளில் இங்கிலாந்தில் வெளியானது. அதே நாளில் லண்டனில் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இறந்தார். இதில் குறியீடு தேட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்று மாலை பத்திரிகை வாங்கிய ஒரு பையன் இரண்டையும் ஒன்றாகத்தான் சந்தித்திருப்பான் என்று நினைத்தால் என்னவோ செய்கிறது.

வெளியீட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அக்டோபரில் இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம். முதல் ஆல்பம் 8 வரை போயிருந்தது. அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் 1971 ஜனவரியில்தான் வெளியிட்டது, அங்கே முதல் ஆல்பமே இன்னும் விற்றுக்கொண்டிருந்தது காரணம். அங்கே 12-ஆம் இடம். அதன்பின் இங்கிலாந்தில் இவர்களின் ஆல்பம் மறுபடி முதலிடத்துக்கு வர 2013 ஆனது, ‘13’ என்ற ஆல்பம்.

இப்போது அட்டைப்படம். கேள்வியில் இருந்த புகார்களிலேயே நியாயமானது இதுதான். இரவு, மரங்கள், ஹெல்மெட் மாட்டி வாளும் கேடயமும் ஏந்தி ஒருவர் பாய்கிறார், அவர் உருவம் மூன்று நான்காகச் சிதறி ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகத் தெரிகிறது. ‘வார் பிக்ஸ்’ என்று பெயர் வைத்து அதற்காக எடுத்த படம் அது. முதல் ஆல்பத்தின் ஆலைக்கட்டிடப் படத்தை எடுத்த கீஃப்தான் இதையும் எடுத்தார். கடைசி நேரத்தில் பெயர் மாறியது, படம் மாறவில்லை. வியட்நாம் போர் நடக்கும்போது அந்தப் பெயர் அமெரிக்காவில் வம்பாகும் என்று கம்பெனி பயந்தது என்பார்கள். ‘பாரனாய்ட்’ சிங்கிள் ஓடுகிறது, அதன் பெயரையே வைத்தால் விற்கும் என்பதுதான் காரணம் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லையே. பயத்துக்கு விற்பனை ஒரு நல்ல சாக்கு.

எனக்கு வருத்தம் படத்தில் இல்லை, பெயரில். ‘வார் பிக்ஸ்’ என்று அட்டையில் பெரிதாக இருந்திருந்தால், இந்த ஆல்பத்தைப் பேய்ப் பாட்டு என்று தள்ளிய விமர்சகர்கள் ஒரு நிமிஷமாவது நின்றிருப்பார்கள்.

19 செப்டம்பர், நள்ளிரவு தாண்டி

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். பெயர் மாறியதில் எனக்கு இருக்கும் வருத்தம் அந்தப் பாட்டின் மேல் கோபம் போல ஒலிக்கக் கூடாது. ‘பாரனாய்ட்’ பாட்டு எனக்கு உயிர்.

நிரப்பல் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஆல்பத்துக்கு இன்னும் மூன்று நிமிஷம் தேவை, ஒரு சின்னப் பாட்டு போடுங்கள் என்றார் பெய்ன். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அயோமி அந்த ரிஃபைப் பிடித்தார். திரும்பி வந்தவர்கள் கேட்டு உடனே சேர்ந்துகொண்டார்கள். கீஸர் வரிகளை எழுதித் தள்ளினார், ஆஸி தாளைப் பார்த்தே பாடினார். லெட் செப்பலின் பாண்டின் ‘கம்யூனிகேஷன் பிரேக்டவுன்’ பாட்டு மாதிரி இருக்கிறதே என்று கீஸர் முதலில் தயங்கியிருக்கிறார். 2 நிமிஷம் 48 நொடி. இங்கிலாந்து சிங்கிள் பட்டியலில் 4-ஆம் இடம், டாப் ஆஃப் தி பாப்ஸ் டி.வி. நிகழ்ச்சி. அதன்பின் கச்சேரிகளுக்குக் கிறீச்சிட்டுக் கத்தும் சின்னப் பிள்ளைகள் வரத் தொடங்கவே, கொஞ்ச காலத்துக்கு சிங்கிளே வேண்டாம் என்று பாண்ட் முடிவெடுத்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தில் கீஸர் எழுதியது என்ன? எதிலும் மனம் ஒட்டாதவன், சந்தோஷம் என்றால் என்னவென்று பிடிபடாதவன், காதலியிடமிருந்தும் விலகிப் போகிறவன். அவர் பின்னாட்களில் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அவர்கள் வளர்ந்த, அந்தக் காலத்து பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பேட்டையில் அதை யாரிடம் சொல்வது? வெளியே போய் ஒரு பீர் அடி, சரியாகிவிடும் என்பார்கள். நம்மிடமும் இதே பதில்தானே, பீருக்குப் பதில் கோயில். அந்த வரிகள் அவசரத்தில் வந்தவை என்பதால்தான் பூச்சு இல்லாமல் இருக்கின்றன. யோசிக்க நேரம் இருந்திருந்தால் கீஸர் அதை ஏதாவது பேய்க்கதைக்குள் ஒளித்து வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஹெட்ஃபோன் இருந்தால் ஒன்று செய்யுங்கள். சோலோ வரும்போது ஒரு காதை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு பக்கம் சுத்தமான கிட்டார். மறு பக்கம் அதே வாசிப்பு, ஒலியைச் சிதைக்கும் ரிங் மாடுலேட்டர் கருவி வழியாகப் போய், ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத சிற்றலை ரேடியோ போலக் கிழிந்து வருகிறது. இரண்டும் சேர்ந்து நடுவில் கேட்கும்போது இது தெரிவதில்லை.

22 செப்டம்பர்

இல்லை தம்பி, இந்த ஆல்பத்தின் ‘அயர்ன் மேன்’ பாட்டு மார்வெல் கதாபாத்திரத்தைப் பற்றியது கிடையாது. 2008-இல் வந்த ‘அயர்ன் மேன்’ படத்தின் கடைசியில் அந்தப் பாட்டைப் போட்டதால் வந்த குழப்பம் இது. ரிஃபைக் கேட்ட ஆஸி, பெரிய இரும்பு ஆள் ஒருவன் நடந்து வருவது போல இருக்கிறது என்றார், கீஸர் அதிலிருந்து ஒரு கதை பின்னினார். எதிர்காலத்துக்குப் போன ஒருவன் உலகத்தின் அழிவைப் பார்க்கிறான். எச்சரிக்கத் திரும்பி வரும் வழியில் காந்தப் புயலில் சிக்கி இரும்பாகிறான். பேச முடியவில்லை, ஊர் அவனைக் கண்டுகொள்ளாமல் போகிறது. கடைசியில் அவன் பார்த்த அந்த அழிவை அவனே செய்து முடிக்கிறான். இதை வெறும் ரிஃப் பாட்டு என்று சொல்கிறவர்களோடு எனக்கு வாதம் உண்டு. இந்தப் பாட்டின் நேரலைப் பதிவுக்குத்தான் 2000-இல் அவர்களுக்கு கிராமி கிடைத்தது.

25 செப்டம்பர், இரவு

யாரும் ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ பாட்டைத் தொடவில்லை என்பது மனதை உறுத்துகிறது. இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்துக்கு நடுத்தூண் அது.

அமெரிக்கப் படைத் தளங்களில் இவர்கள் வாசித்திருக்கிறார்கள். வியட்நாமிலிருந்து ஊர் திரும்பும் வழியில் அங்கே தங்கியிருந்த சிப்பாய்களைப் பார்த்தார்கள். பலர் ஹெராயினில் மூழ்கிக் கிடந்தார்கள். டி.வி.யில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கீஸர் அதை எழுதினார். பாட்டு பேஸோடு தனியாக, மெதுவாகத் தொடங்குகிறது. குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும், திடீரென்று கிட்டார் முழு பலத்தில் வந்து அடிக்கும், மறுபடி அடங்கும். நடுவில் ஓட்டம் பிடிக்கிறது. கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. 7 நிமிஷம் அந்த ஆளின் நரம்புக்குள் இருந்துவிட்டு வருகிற மாதிரி.

இப்போது ஆல்பத்தை வரிசையாகப் பாருங்கள். தொடக்கத்தில் பிள்ளைகளைப் போருக்கு அனுப்புகிறார்கள். ‘எலெக்ட்ரிக் ஃப்யூனரல்’ அணுகுண்டு விழுந்த பிறகான உலகம். அதை அடுத்து இந்தப் பாட்டில், போருக்குப் போனவன் திரும்பி வந்து கையில் ஊசி ஏற்றுகிறான். நால்வரும் 1948, 49-இல் பிறந்தவர்கள், ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட ஆஸ்டனில், இடிந்த மனைகளில் விளையாடி வளர்ந்தவர்கள். ‘வார் பிக்ஸ்’ தொடக்கத்தில் வரும் விமானத் தாக்குதல் சைரனை அவர்களின் பெற்றோர் நிஜத்தில் கேட்டு ஓடியிருக்கிறார்கள். இந்த ஆல்பத்தில் சாத்தானைத் தேடியவர்கள் தேட வேண்டிய இடத்தில் தேடவில்லை.

28 செப்டம்பர்

இதே ஆல்பத்தின் ‘பிளானெட் கேரவன்’ பற்றி. இளம் வயதில் கேசட்டில் இந்தப் பாட்டு வந்தாலே ஃபார்வர்டு பட்டனுக்குக் கை போகும். இரண்டு அடிதடிப் பாட்டுக்கு நடுவே இது எதற்கு என்று தோன்றும். இப்போது முதலில் கேட்பது இதைத்தான். லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாக ஆஸியின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருக்கும். வார்டின் கையில் காங்கா என்ற கைமுரசு. பியானோ வாசித்தவர் ஒலிப்பதிவாளர் டாம் ஆலமேதான். அயோமி கடைசியில் வாசிக்கும் சோலோ முழுக்க ஜாஸ், அந்த ஜாங்கோ இசைத்தட்டு வீட்டுக்கு வந்ததன் பலன் இங்கே தெரிகிறது. பெரிய சத்தத்தை மட்டும் நம்பிய பாண்ட் இரண்டாவது ஆல்பத்தின் மூன்றாவது பாட்டாக இதை வைத்திருக்காது. அடிதடிக்குப் பேர்போன பான்டேரா என்ற மெட்டல் பாண்ட் 1994-இல் இதையே எடுத்துப் பாடினார்கள், அதுவும் அதே மென்மையோடு.

29 செப்டம்பர்

ஒரே வரி கேள்விக்கு ஒரே வரி பதில்: ஆமாம், இந்த ஆல்பத்தின் ‘ராட் சாலட்’ டிரம் சோலோவுக்காகவே இருக்கிறது, எனக்கு அது போதும்.

2 அக்டோபர்

“மெட்டலின் அஸ்திவாரம் என்பது பின்னால் வந்தவர்கள் கட்டிய பேச்சு, அந்த நால்வருக்கே இது ஒரு பெரிய ஆல்பமாக இருந்திருக்காது” என்று கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். விமர்சகர்கள் பின்னால் வந்தது உண்மை. முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோனில் லெஸ்டர் பேங்ஸ் கிழித்துத் தொங்கவிட்டார். அதே பத்திரிகை 2017-இல் சிறந்த மெட்டல் ஆல்பங்களின் பட்டியலில் ‘பாரனாய்ட்’டை முதலில் வைத்தது. அது அவர்கள் கணக்கு.

நால்வரின் கணக்கை 2025 ஜூலை 5-ஆம் தேதி பார்த்தோம். பர்மிங்ஹாம், ஆஸ்டன், வில்லா பார்க் மைதானம். அவர்கள் பிறந்து வளர்ந்த பேட்டை. அசல் நால்வரும், பில் வார்டு உட்பட, 2005-க்குப் பிறகு முதல் முறையாக ஒன்றாக ஏறிய மேடை. ஆஸியால் நிற்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். கடைசியாக வாசிக்க நான்கே பாட்டுதான் முடியும் என்ற நிலை. இத்தனை ஆல்பங்களில் எதை எடுப்பார்கள்? ‘வார் பிக்ஸ்’, ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’, ‘பாரனாய்ட்’. நான்கில் மூன்று இந்த ஆல்பம். 17 நாள் கழித்து, ஜூலை 22-இல், ஆஸி போய்விட்டார். வயது 76.

அன்று இரவு நான் கிளிப்களில் திரும்பத் திரும்பப் பார்த்தது பில் வார்டை. வயதாகிவிட்டது, வேகம் குறைந்திருக்கிறது. ‘வார் பிக்ஸ்’ நடுவில் அந்த ஹை-ஹாட் வந்தது. ஆட்டம் அப்படியே இருந்தது.

3 அக்டோபர்

ராட்ஜர் பெய்ன் பிறகு என்ன செய்தார் என்று கேட்டவருக்கு: மூன்றாவது ஆல்பமும் இவர்களோடுதான். 1974-இல் ஜூடாஸ் ப்ரீஸ்டின் முதல் ஆல்பம் ‘ராக்கா ரோலா’ அவர் தயாரித்தது. டாம் ஆலம் அதே ஜூடாஸ் ப்ரீஸ்டுக்கு ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ செய்தார். பர்மிங்ஹாமின் இரண்டு பெரிய மெட்டல் பாண்டுகளுக்கும் இந்த இருவரின் கை பட்டிருக்கிறது. பெய்னைப் பற்றி மக்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். வாசிக்கிறவர்களை வாசிக்கவிட்டு, தேவையான இடத்தில் ‘இன்னொரு சின்னப் பாட்டு’ என்று கேட்கத் தெரிந்தவர் அவர்.

4 அக்டோபர்

கடைசியாக ஒரு சின்ன விஷயம், எல்.பி. சேகரிப்பவர்களுக்கு. அமெரிக்கப் பதிப்பில் ‘வார் பிக்ஸ்’ முடியும் பகுதிக்கு ‘லூக்ஸ் வால்’ என்று தனிப்பெயர் போட்டிருப்பார்கள். ‘ஃபேரீஸ் வேர் பூட்ஸ்’ தொடக்கத்துக்கு ‘ஜாக் தி ஸ்ட்ரிப்பர்’. தனிப் பாட்டு எதுவும் இல்லை, உங்களிடம் இருக்கும் சி.டி.யில் விட்டுப்போனதோ என்று தேட வேண்டாம். ‘லூக்ஸ் வால்’ பகுதியின் கடைசியில் டேப்பின் வேகம் ஏறிக்கொண்டே போய்ப் பாட்டு மேலே பறந்து அறுந்து போகுமே, அது மிக்ஸிங்கில் சேர்த்த வேலை.

வார்னர் பிரதர்ஸின் பழைய பச்சை லேபிள் தட்டு யாரிடமாவது இருந்தால் இரண்டு பக்க லேபிளையும் படம் எடுத்துப் போடுங்கள். பாட்டுப் பெயர்கள் எப்படி அச்சாகியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.